திண்ணைப் பள்ளியும் வீட்டுப்பாடமும்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பார்த்து இந்நாளில் தாய் கேட்கும் முதற் கேள்வி, "இன்றைக்கு வீட்டுப்பாடம் என்ன?" என்பதாகும். டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் இக்கேள்வி எழுகிறது. மும்பையிலும் பெங்களூரிலும் எழுகிறது. கேரளத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பனைகளுக்கிடையே அமைந்த எருத்தேன்பதியிலும் எழுகிறது. கேள்வி ஒன்றுதான். ஆயினும் அது கேட்கப்படும் வீடுகள் வெவ்வேறானவை. ஒரு வீட்டில் தாயும் தந்தையும் பட்டதாரிகள். மற்றொரு வீட்டில் இருவரும் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டுப் பொழுது சாய்ந்த பின்பு திரும்புகிறவர்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் பாடமொழி வேறு, தாய்மொழி வேறு; மற்றொரு வீட்டில் இரண்டும் தமிழே.

வீட்டுப்பாடம் என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. சொல் புதியதாக இருக்கலாம், செயல் பழையது. நம் முன்னோர் காலத்துப் பிள்ளைகளும் மாலையில் வீடு திரும்பும்போது பாடம் ஒன்றைச் சுமந்துகொண்டே திரும்பினர். அந்தச் சுமை பையில் இருக்கவில்லை, நாவில் இருந்தது. அது நாவிலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு இடம் பெயர்ந்த வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம். தமிழகத்துக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு அவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினை ஒன்று உண்டு.

மணலும் ஓலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதிலும், சில ஊர்களில் அதற்குப் பின்பும், தமிழ்ச் சிறுவர்கள் கற்ற இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். உபாத்தியாயர் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ அது நடைபெற்றது. நல்ல நாள் பார்த்துப் பிள்ளையைப் பள்ளியில் வைப்பார்கள். விஜயதசமி அதற்குச் சிறந்த நாள். தொடக்கத்தில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்தை எழுதப் பழக்குவர். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கொடுப்பர். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று பாடம் படிப்படியாக ஏறிச் செல்லும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இப்பள்ளிகளின் நடைமுறைகளைச் சுவைபடக் கூறியுள்ளார். 1855-இல் பிறந்த அவர் அவற்றில் கற்றவர்.

கணக்குப் பாடத்தைச் சற்றுக் கவனிப்போம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. மாகாணி 16-இல் ஒரு பங்கு. இவற்றின் பெருக்கல் வாய்பாடுகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நெல்லிலக்கம் என்னும் பகுதியில் தானிய அளவைகள் வரும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம்.

இந்தப் பாடத்துக்கும் வீட்டுக்கும் இருந்த நெருக்கத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழாக்கும் உழக்கும் ஏட்டில் மட்டும் இருந்த பெயர்கள் அல்ல. தாய் அடுக்களையில் அரிசி அளந்ததும் தந்தை களத்தில் நெல் அளந்ததும் அவற்றாலேயே. எழுத்தறியாத தாயும் உழக்கை அறிவாள். ஆகவே, பிள்ளை பள்ளியில் சொன்னதை வீட்டிலும் சொன்னபோது, அதில் பிழையிருந்தால் திருத்தும் ஆற்றல் அவளுக்கு இருந்தது.

மாலையில் கொடுத்த வாது

அப்பள்ளிகளில் நிலவிய ஒரு வழக்கம் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. மாலையில் பள்ளி முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ, ஒரு பறவையின் பெயரையோ, ஒரு விலங்கின் பெயரையோ, ஓர் ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். இதற்கு வாது என்று பெயர். பிள்ளை அந்தப் பெயரை மறவாமல் வைத்திருந்து மறுநாள் காலையில் வந்து சொல்ல வேண்டும்.

பார்ப்பதற்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால், ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் கேட்டறியாத ஒரு பெயரை இரவு முழுதும் காத்து வைத்திருப்பது எளிதன்று. அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான், வீட்டாரிடம் சொல்லுவான், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் சொல்லுவான். அந்தப் பூ எத்தகையது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்ற பேச்சு வீட்டில் எழாமலா இருந்திருக்கும்? ஒரே ஒரு சொல்லால் அன்றைய உபாத்தியாயர் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டிவைத்தார். அது செலவில்லாத வீட்டுப்பாடம். எழுதத் தெரியாத வீட்டிலும் செய்யத்தக்க வீட்டுப்பாடம்.

இத்தகைய கல்வியை வெறும் உருப்போடுதல் என்று பிற்காலத்தவர் இகழ்ந்தனர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு, 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இக்கருத்தை மறுத்து ஆராய்ந்திருக்கிறார். திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் என்பது கற்கும் முறையாகவே பயின்று வந்தது என்பதும், அக்கணக்கு அளத்தல், பங்கிடுதல் முதலிய ஊர்த் தொழில்களோடு பிணைந்திருந்தது என்பதும் அவர் ஆய்வால் விளங்குகின்றன.

இவ்வாறு கூறுவதால் அப்பள்ளிகளில் குறையே இல்லை என்று கருதிவிடலாகாது. பிரம்படி அங்கே அன்றாட நிகழ்ச்சி. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் இருந்தன. அதைவிடப் பெருங்குறை, பெண்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற முடியாதிருந்தமை. பழையதைப் போற்றும்போது இதை நாம் மறத்தல் கூடாது.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் கற்றனர். இவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.

அக்குறிப்பில் நம் கவனத்தைக் கவர்வது வேறொரு செய்தி. சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்குச் செல்வோரைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே கல்வி கற்கின்றனர் என்று அந்நகரக் கலெக்டர் அறிவித்திருந்தார். அந்த எண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும், வீட்டில் பெற்றோரிடமும் உறவினரிடமும் கற்றவர் தொகை சிறிதன்று என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் வீடும் ஒரு பள்ளியாகக் கணக்கில் ஏறியது என்பது இதனால் பெறப்படும்.

மன்றோவுக்கு முன்னரே நம் மணற்பாடம் கடல் கடந்து சென்றுவிட்டது. ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்லுகையில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். நம் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையும் இதுவே. 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இது சென்னை முறை என்று பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவிற்று. பெல் தாம் கண்ட பள்ளியை மலபார்ப் பள்ளி என்று குறிப்பிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் மலபார் என்றே வழங்கினர். மொழிகளுக்கிடையே கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இப்பெயர் மயக்கமே ஒரு சான்று.

எழுத்துக்கு மாறிய பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுப் புத்தகமும் கற்பலகையும் பரவின. அரசாங்க உதவித்தொகையும் இன்ஸ்பெக்டரும் பரீட்சையும் பின்தொடர்ந்தன. ஓலையும் எழுத்தாணியும் மெல்ல மறைந்தன. திண்ணையில் ஏற இயலாதிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவு காலப்போக்கில் திறந்தது. இது பெரும் நன்மை. ஆயினும், அதே காலத்தில் வீட்டின் நிலை மாறிற்று. பாடம் எழுத்தில் வந்தது. விடையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றாயிற்று. உழக்கும் நாழியும் போய் வேறு அளவைகள் வந்தன. பிள்ளை சொல்லக் கேட்டுத் திருத்திய தாய், இப்போது நோட்டுப் புத்தகத்தின் முன் ஊமையாய் நின்றாள்.

கற்ற குடும்பத்தில் இம்மாற்றம் துன்பம் தரவில்லை. முதன்முதலாகப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்திலோ, வீட்டுப்பாடம் ஒரு சோதனையாயிற்று. செய்யாமல் சென்றால் பிள்ளைக்குத் தண்டனை. செய்வதற்கு உதவ வீட்டில் ஆளில்லை. பிள்ளையின் அறிவைச் சோதிப்பதாகக் கருதிய பாடம், உண்மையில் பெற்றோரின் படிப்பைச் சோதித்தது.

எல்லையில் ஓர் ஊர்

இனி எருத்தேன்பதிக்கு வருவோம். பதி என்பது உறைவிடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வடகரப்பதி, ஒழலப்பதி, கோழிப்பதி என்று அப்பகுதியில் இச்சொல்லைத் தாங்கிய ஊர்கள் பல. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியாகிய இது கேரளத்தின் ஏனைய இடங்களைக் காட்டிலும் மழை குறைந்தது. தென்னையோடு பனையும் நிலக்கடலையும் காணும் நிலம். சில கல் தொலைவு கிழக்கே சென்றால் கோவை மாவட்டம்.

அவ்வூர்த் தமிழர் எங்கிருந்தோ அண்மையில் குடிபெயர்ந்து வந்தவர் என்று கருதுவது பிழை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைகள்தாம் அவர்களைக் கடந்து சென்றன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தில், சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. 1949 ஜூலையில் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் முதல் தேதியன்று கேரள மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதன் பகுதியாயிற்று.

இதே சித்தூரில்தான், மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பது மரபு. சோகநாசினி ஆற்றங்கரையில் அவர் பெயரால் விளங்கும் மடம் இன்றும் உள்ளது. எழுத்தச்சன் என்னும் சொல்லுக்கே எழுத்தறிவிக்கும் ஆசான் என்பது பொருள். அங்கும் மணலில் எழுத்து, ஓலையில் பாடம், விஜயதசமியில் தொடக்கம். தமிழ்ப் பிள்ளையின் முதற் பாடமும் மலையாளப் பிள்ளையின் முதற் பாடமும் ஒரே மணலில் எழுதப்பட்டவை. ஆதலால் எல்லைத் தமிழர் தம் மொழியைக் காக்க விரும்புவதில் அண்டை மொழியின்பால் பகைமை ஏதும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் மலையாளமும் கற்கிறார்கள், கற்கவும் வேண்டும்.

மலைநாடாகிய இடுக்கியின் கதை வேறு. 1877-க்குப் பின் கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தபோது, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் வாயிலாகத் தமிழ்த் தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் 25-க்கு மேல் இருப்பின், அவர்களுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது.

பத்தாவது பிள்ளை

1956-இல் அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதிகள் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. சட்டங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால், இந்த "முயல வேண்டும்" என்னும் வினையில் என் கண் எப்போதும் சற்றுத் தயங்கி நிற்கும். மூலத்திலும் அது முயற்சியே. கட்டளையைக் காட்டிலும் மென்மையானது.

அம்முயற்சிக்கு ஓர் எண்ணும் உண்டு. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு செய்த முடிவின்படி, ஒரு பள்ளியில் ஒரு சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகள் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் நியமிக்கப்பட வேண்டும். பிற்காலத்துப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

இவ்வெண்ணின் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் வரை ஆசிரியரைக் கேட்கும் உரிமை உண்டு. பத்தாவது பிள்ளை வேறு பள்ளிக்கு மாறிவிட்டால், ஒன்பது பேரின் உரிமையும் தளர்கிறது. பத்தாவது பிள்ளை ஏன் மாறுகிறது? பல வீடுகளில் காரணம் ஒன்றே: தமிழில் படித்தால் என்ன பயன் என்ற ஐயம். அந்த ஐயம் பள்ளியில் பிறப்பதன்று, வீட்டில் பிறப்பது. சட்டம் பள்ளியைத் தரலாம். மொழியில் நம்பிக்கையைத் தர வீட்டாலேயே முடியும்.

2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது இது நன்கு விளங்கிற்று. கேரள அரசாங்கம் ஜூன் முதல் தேதியன்று தொலைக்காட்சி வழியாகப் பாடங்களைத் தொடங்கியது. தமிழ், கன்னட வழியில் கற்போருக்கும் தனியே பாடங்கள் ஆயத்தமாயின. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. பள்ளி வீட்டுக்கே வந்துவிட்ட அந்நாட்களில், வீட்டுப்பாடம் என்றும் பள்ளிப்பாடம் என்றும் வேறுபாடு இல்லாமற் போயிற்று. பிள்ளைக்கு அருகில் அமர்ந்து கேட்க ஒருவர் இருந்த வீடு எது, இல்லாத வீடு எது என்பதே எஞ்சிய வேறுபாடு.

வாரம் இரண்டு மணி

வீட்டுப்பாடச் சுமையைப் பற்றி நாட்டில் வெகு நாட்களாகவே கவலை உண்டு. தமிழரான நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பிள்ளைகளின் புத்தகச் சுமையைக் குறித்து அவையில் உருக்கமாகப் பேசினார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் அளித்த அறிக்கையில், தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்றும், வீட்டுச் சூழலை ஆராய்ந்தறியும் செயல்கள் மட்டும் இருக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று ஆணையிட்டது. மத்திய அரசாங்கத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் கொடுக்கலாம் என்றும் வகுத்தது.

யஷ்பால் குழு விட்டுவைத்த அந்த ஒரு விலக்கைப் பாருங்கள்: வீட்டுச் சூழலை ஆராய்ந்தறிதல். பூவின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லி அனுப்பிய திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் அறிந்து வைத்திருந்ததும் அதுவே. நெடுந்தூரம் சுற்றி, நாம் புறப்பட்ட திண்ணைக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தமிழுக்கென ஒதுக்குவது இயலாத காரியமன்று. அதற்குப் புத்தகமும் வேண்டியதில்லை. ஒரு வாரம் பனையைப் பற்றிப் பிள்ளை விசாரிக்கட்டும்: ஓலை, மட்டை, நுங்கு, பதநீர், கிழங்கு என்று ஒரு மரத்துக்கு எத்தனை சொற்கள்! மறுவாரம் உறவுமுறைப் பெயர்களைக் கேட்டுக் குடும்ப மரம் ஒன்று வரையட்டும். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் வேறு வேறானவர் என்பதை ஒரே சொல்லால் அனைவரையும் அழைக்கும் மொழி அதற்குக் கற்பிக்காது. பிறிதொரு வாரம் ஊரிலிருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, மாடு பூட்டிக் கவலை இறைத்த நாளில் கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருந்தது என்று கேட்கட்டும். அடுத்த வாரம் அடுக்களையில் நின்று, ஆழாக்குக்கும் படிக்கும் உள்ள உறவை அரிசி அளந்தே கண்டுபிடிக்கட்டும். கேட்டதை நாலு வரி எழுதட்டும்; எழுத வாராத பிள்ளை சொல்லட்டும்.

இதில் எழுத்தறியாத பாட்டிக்கும் இடம் உண்டு என்பதே இதன் சிறப்பு. நோட்டுப் புத்தகத்தின் முன் ஊமையாய் நின்றவள் இங்கே ஆசிரியை ஆகிறாள். தன் பேச்சுக்கு மதிப்புண்டு என்று பாட்டியும் உணர்கிறாள். பாட்டியின் மொழிக்கு மதிப்புண்டு என்று பிள்ளையும் உணர்கிறது. எருத்தேன்பதியில் பத்தாவது பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைப்பதும், டில்லியில் வளரும் பிள்ளையின் நாவில் தமிழை நிறுத்தி வைப்பதும் இந்த மதிப்பே.

திண்ணைகள் இடிந்து போயின. பல நகரங்களில் நம் வீடுகளுக்கு வாசலே இல்லை. கதவைத் திறந்தால் மாடிப்படிதான். ஆயினும் வாது கொடுக்கத் திண்ணை வேண்டியதில்லை. இன்றிரவு உங்கள் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயரைத் தமிழில் சொல்லி உறங்க வையுங்கள். காலையில் எழுந்ததும் கேளுங்கள்.